ஓப்பன் டபிள்யூஆர்டி, எஸ்க்யூஎம், ஃபயர்வால்: வெள்ளவத்தை வீடொன்றில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில், மாடிக்குடியிருப்பு. ஒரே ஃபைபர் லைனில்தான் எல்லாம் ஓடவேண்டும்: என் அலுவலக வேலை, மனைவியின் ஸூம் ரியூஷன் வகுப்புகள், மகனின் கேம், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவோடு அம்மா பேசும் வீடியோ கோல், வாசல் கேமரா. 2020 ஊரடங்குக் காலத்தில் லைனோடு வந்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி வைத்து, அதில் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருளைப் போட்டேன். இன்றுவரை அதே பெட்டிதான். வாங்கிய வாரத்தில் எழுதும் மதிப்புரைகளில் வராத விஷயங்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ கோல் உடைகிறது என்று பெரிய பக்கேஜுக்கு மாறுவதற்கு முன்னால், ரவுட்டரில் தரவு காத்துநிற்கும் வரிசையைச் சரிசெய்து பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும்.

எங்கள் பிரச்சினை விநோதமாக இருந்தது. வேகத்தை அளந்தால் நல்ல எண் வரும். ஆனால் யாராவது வெளியில் போய்வந்து போனை வைஃபையில் இணைத்தவுடன் வகுப்பு உறைந்துவிடும். காரணம், அன்று எடுத்த படங்களையெல்லாம் போன் பின்னணியில் மேலேற்றத் தொடங்கும். லைன் சும்மா இருக்கும்போது சிங்கப்பூர் சேர்வருக்குப் போய்வர நாற்பது, ஐம்பது மில்லிசெகண்ட். படங்கள் ஏறும்போது அதே பயணம் ஒரு செகண்டைத் தாண்டும். கீழிறக்க வேகத்தை மட்டும் பார்த்துப் பக்கேஜ் வாங்கும் வீட்டில் இது கண்ணில் படவே படாது.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் 2010ல் தன் வீட்டு லைனிலேயே இதைக் கண்டு, தேடித் துருவி, உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். மெமரி விலை இறங்க இறங்க, மோடத்திலும் ரவுட்டரிலும் தயாரிப்பாளர்கள் பெரிய பெரிய பஃபர்களை, அதாவது தரவு காத்திருக்கும் தற்காலிக இடங்களை, வைத்தார்கள். பாக்கெட், அதாவது தரவின் சிறு துண்டு, தொலையக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அனுப்பும் கணினி பாக்கெட் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும்; இணையத்தில் தரவு அனுப்பும் விதிமுறையான டிசிபி அப்படித்தான் வேலை செய்கிறது. தொலையாமல் பஃபரில் குவிந்துகொண்டே போனால் அதற்கு நெரிசல் தெரியாது, இன்னும் தள்ளும். அந்தக் குவியலுக்குப் பின்னால் அம்மாவின் குரலும் காத்து நிற்கும்.

இந்தச் சிக்கலுக்கான கண்டுபிடிப்புகளின் கதை நீளமானது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எல்லையற்ற பஃபர் இருந்தாலும் வலையமைப்பு நெரிசலில் முடங்கும், ஆளாளுக்குத் தனி வரிசை வேண்டும் என்று ஜான் நேகிள் 1985லேயே எழுதினார். சாலி ஃபிளாய்டும் வான் ஜேகப்சனும் 1993ல் ரெட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை நிரம்புவதற்கு முன்பே சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்புபவருக்கு எச்சரிக்கை கொடுக்கும் முறை. அருமையான யோசனை. ஆனால் லைனுக்கு லைன் எண்களைச் சரியாக அமைப்பது சிரமம் என்பதால் பலரும் அதை இயக்காமலே விட்டார்கள். 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேகப்சனும் கோடெல் முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. 100 மில்லிசெகண்ட் காலத்துக்குக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் கைவிடத் தொடங்கும். வீட்டுக்காரர் எந்த எண்ணையும் மாற்றத் தேவையில்லை. எனக்கு இது ஒரு பெரிய பாய்ச்சலாகத் தெரிகிறது.

கோடெலையும் தனித்தனி வரிசைகளையும் சேர்த்ததுதான் எஃப்க்யூ-கோடெல். அதிலிருந்து வளர்ந்தது கேக். 2018ல், ஓப்பன் டபிள்யூஆர்டிக்கு அடிப்படையான லினக்ஸின் 4.19 கேர்னலில் (மையப்பகுதியில்) சேர்ந்தது. 2022ல் பெற்றோல் செட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் என்று வரிசையைப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் மாறி மாறி விட்டால், ஒரு லீற்றர் அடிக்க வந்தவன் பவுசர் நீளத்து வரிசைக்குப் பின்னால் நிற்கவேண்டியதில்லை. கேக் அதைப் பாக்கெட்டுகளுக்குச் செய்கிறது. அதோடு வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சம பங்கு கொடுக்கவும் தெரியும். மகனின் கணினி ஐம்பது இணைப்புகளைத் திறந்தாலும், அம்மாவின் போன் ஒரே இணைப்பில் பேசினாலும், லைன் நெரியும்போது இருவருக்கும் ஒரே பங்கு.

ஓப்பன் டபிள்யூஆர்டியில் இதை எஸ்க்யூஎம் (வரிசை மேலாண்மை) என்ற பொதியாக நிறுவலாம். லைனின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 95 சதவீதம் வரை மேலேற்றத்துக்கும் கீழிறக்கத்துக்கும் எல்லையாக வைக்கவேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் குவியாமல் நம் ரவுட்டரில் குவியும். நம் கையில் இருக்கும் வரிசையைத்தான் நாம் ஆளமுடியும். கொழும்பில் ஒரு விஷயம் முக்கியம்: அதிகாலையில் அளக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஊரே நெட்டில் இருக்கும்போது அளந்த எண்ணை வைத்தால்தான் எல்லா நேரமும் சரியாக இருக்கும். இதனால் வேகத்தில் கொஞ்சம் போகும். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. ஆனால் படங்கள் ஏறும்போதும் வகுப்பு நிற்பதில்லை என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்தது. இத்தனை வருடமாக அப்படியே இருக்கிறது.

செய்ய முடியாததையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவுக்குப் போய்வரும் நேரம் தூரத்தால் வருவது. எந்த ரவுட்டராலும் அதைக் குறைக்க முடியாது. 4ஜி லைனில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் நிலையான எல்லை பொருந்தாது. அதற்கு கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் போட்டிருக்கிறோம், ஃபைபர் அளவுக்கு இல்லாவிட்டாலும் பயன் உண்டு. இன்னொன்று, கேக் சிபியுவைத் தின்னும். வேகமான லைன் எடுத்தால் பழைய ரவுட்டர் மூச்சு வாங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய வேகமெல்லாம் சிபியுவைத் தாண்டிச் சிப்பே பாக்கெட்டைக் கடத்தும் ஹார்ட்வேர் ஆஃப்லோட் என்ற குறுக்குவழியில் கிடைப்பது. எஸ்க்யூஎம் வேலை செய்ய அந்தக் குறுக்குவழியை நிறுத்தவேண்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். லைனோடு வந்த ரவுட்டருக்கு, என்னிடம் இருந்த காலம் முழுவதும் ஒரு மென்பொருள் புதுப்பிப்பும் வரவில்லை. கேட்டபோது தேவையில்லை என்றார்கள். இது எனக்கு இன்னும் கோபம் தரும் விஷயம். 2016ல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கி இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. 2018ல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் கருவிகளைப் பிடித்தது. அதில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். தேவையில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் செய்தது அதிகமில்லை. கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை நிறுத்தினேன். அதன் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்று 2011லேயே வெளியாகிவிட்டது. நம்மைக் கேளாமலே கருவிகள் ரவுட்டரில் கதவு திறக்கவிடும் யூபிஎன்பி ஓப்பன் டபிள்யூஆர்டியில் தானாக வராது, நானும் போடவில்லை. அப்புறம் முக்கியமானது, கேமராவுக்கும் விருந்தினர் போன்களுக்கும் தனி வைஃபை, தனி வலையமைப்பு, தனி ஃபயர்வால் (எது போகலாம், வரலாம் என்று பார்க்கும் காவல்) வலயம். அந்த வலயத்திலிருந்து வீட்டுக் கணினிகளுக்குப் போக வழியில்லை. ரவுட்டரிடம் முகவரியும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயருக்குரிய எண் முகவரி) மட்டும் கேட்கலாம். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கான பதிலை மட்டும் ஃபயர்வால் உள்ளே விடும். ஒவ்வொரு இணைப்பின் நிலையையும் நினைவில் வைத்திருக்கும் இந்த முறை 1990களில் பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த பெட்டிகளில் வந்தது. இன்று சின்ன ரவுட்டரிலும் இலவசமாக இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. விருந்தினர் வைஃபையிலிருந்து பிரின்டர் தெரியாது. மருமகப்பிள்ளைகள் வந்தால் டிவியில் வீடியோ போடமுடியவில்லை என்று முறைப்பாடு வரும். வைஃபை பூட்டில் புதிய முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் அம்மாவின் பழைய போன் சேரவே சேராது. அதனால் பழைய டபிள்யூபிஏ2, புதிய டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனிவழி) மூலம் கேமராவைப் பார்க்கும் ஏற்பாடு எங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறது. தங்கச்சியின் 4ஜி லைனில் முடியவில்லை. அங்கே கிடைப்பது 100.64 என்று தொடங்கும், பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் பகிர்வு முகவரி, வெளியிலிருந்து நேரே தட்டுவதற்குக் கதவே இல்லை.

வருடத்துக்கு ஓரிரு தடவை புதுப்பிப்புப் போடுவதுதான் எனக்குள்ள வேலை. அமைப்புகளை முதலில் பேக்கப் எடுத்துவிடுவேன். 2022 மின்வெட்டுக்கு வாங்கிய மினி யூபிஎஸ்ஸை ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இன்னும் விட்டிருக்கிறேன்; புதுப்பிப்பு நடுவில் கரண்ட் போனால் பெட்டி எழும்பாமல் போகலாம்.

கேக்கையும் வைஃபை வரிசைகளையும் உருவாக்கப் பல வருடம் உழைத்த டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். அவரும் அவரோடு வேலைசெய்தவர்களும் எழுதிய நிரலுக்கு நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒவ்வொரு நாளும் ஓடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடத்தில் கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஹார்ட்வேர் வெர்ஷன் எண்ணைக் கடையிலேயே ஓப்பன் டபிள்யூஆர்டி பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வேறு சிப் வைத்து விற்பது சாதாரணம். ஃப்ளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பி, இதற்குக் குறைந்தால் எவ்வளவு மலிவென்றாலும் எடுக்கவேண்டாம்.