கவலைக்கு மாலை ஆறரை மணி: மூன்று வருட அனுபவம்

2022 நவம்பரில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை மரத்துப்போனது, மூச்சு முட்டியது. மாரடைப்புதான் என்று பயந்து மனைவி ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். இசிஜி சரியாக இருந்தது. "கேஸ்தான், ஒண்ணுமில்லை" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் இப்படி நான்கு முறை போனோம். நான்காவது முறைதான் இரவுப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், "இது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கு, திடீர்னு வர்ற கடும் பயம். மனநல ஓபியில ஒரு தடவை காட்டுங்க" என்றார். அதுவரை செலவழித்த பணம்கூடப் பெரிதில்லை. 'ஒண்ணுமில்லை' என்று கேட்டுக் கேட்டு, நான்தான் பயந்தாங்கொள்ளி போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். அது இன்னும் மனதில் இருக்கிறது.

மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஜிஎஸ்டி கட்டும் 20-ஆம் தேதி நெருங்கினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் மற்ற நாட்களிலும் தூக்கம் வரவில்லை என்பதை அரசு மருத்துவமனை மனநல ஓபியில் இருந்த மருத்துவர் கேட்டபோதுதான் உணர்ந்தேன். பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிடலோபிராம் மாத்திரை 5 மி.கி. எழுதினார், பிறகு அதை 10 ஆக்கினார். மாத்திரை அங்கேயே இலவசம்.

முதல் பத்து நாள் சிரமம்தான். குமட்டல், ஓயாத கொட்டாவி, படபடப்பும் கொஞ்சம் கூடுதல். இப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் விடாமல் சாப்பிட்டேன். நான்காவது வாரம் ஒரு காலையில், எழுந்ததும் வயிற்றைப் பிசையும் அந்தப் பயம் இல்லை என்று கவனித்தேன். ஆறாவது மாதம் ஒரு தப்பு செய்தேன். சரியாகிவிட்டதே என்று யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது, திரும்பிப் பார்த்தால் தலைக்குள் சுருக்கென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. இது தூக்க மாத்திரை போல ஏங்க வைக்கும் மருந்து இல்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. மறுபடி தொடங்கி, அப்புறம் மருத்துவர் சொன்னபடி பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். இந்த ஏப்ரலில் முழுவதும் நின்றது.

மாத்திரை என்னை உட்கார வைத்தது என்றால், உட்கார்ந்து செய்ய ஒரு வேலையைக் கொடுத்தது அங்கிருந்த உளவியலாளர் அம்மா. பெயர் 'கவலை நேரம்'. 1983-இல் தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சோதித்துப் பார்த்த முறை. கவலைப்படாதே என்று யார் சொன்னாலும் மனம் கேட்காது. அதனால் கவலைக்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம் ஒதுக்க வேண்டும். எனக்கு மாலை ஆறரை முதல் ஏழு வரை, மொட்டைமாடிப் படிக்கட்டு. படுக்கையறை கூடாது, தூங்கப் போகும் நேரமும் கூடாது.

பகலில் ஒரு கவலை வந்தால் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் இரண்டு வார்த்தை குறித்துவிட்டு, "ஆறரைக்குப் பார்த்துக்கலாம்" என்று வேலைக்குத் திரும்ப வேண்டும். மாலையில் அதை நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் என்னால் செய்ய முடிந்தது, வலப்பக்கம் என் கையில் இல்லாதது. 2023 பிப்ரவரிப் பக்கம் ஒன்று இப்போது முன்னால் இருக்கிறது. இடப்பக்கம்: 'மூணு பில் காணோம். பழைய கட்டில் தேடணும்.' வலப்பக்கம்: 'முதலாளி என்ன நினைப்பார்.' பகல் பதினொரு மணிக்கு விஸ்வரூபம் எடுத்து நின்ற விஷயம் ஆறரைக்கு எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கப் பார்க்கத்தான் மனதுக்கு நம்பிக்கை வருகிறது. எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் வாரம் இது சிறுபிள்ளைத்தனம் என்றே நினைத்தேன்.

மாலைக் காபியை விட்டது உடனே பலன் தந்தது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் மூன்று சுற்று நடப்பதும் நல்லது. ஆனால் நடையை மட்டும் நம்பியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

இந்த முறை கைகொடுக்காத காலமும் உண்டு. போன வருடம் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். அந்த இரண்டு மாதமும் வலப்பக்கம் மட்டுமே நிரம்பியது, எழுத எழுதப் பாரம் கூடியது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை வராந்தாவில் நின்று 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம். எடுத்த பெண் தமிழில் பேசினார். அறிவுரை எதுவும் இல்லை. "சாப்பிட்டீங்களா? உங்களை மாத்திவிட அங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தம்பியிடம் வாய்விட்டுக் கேட்டேன். மறுநாளே வந்தான். இரண்டு மாதமாக அவனிடம் நான் கேட்கவே இல்லை.

என் அம்மா முதலில் கண்ணேறு என்று சொல்லித் திருநீறு மந்திரித்து வந்தார். நான் பூசிக்கொண்டேன், மாத்திரையும் போட்டுக்கொண்டேன். இரண்டுக்கும் சண்டை இல்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம், ஓபி சீட்டு மட்டும் போட்டுவிடுங்கள்.

இன்னும் சரியாகாதது இரவுப் பேருந்து. விளக்கை அணைத்ததும் மூச்சு முட்டுவது போல் தோன்றும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, பத்து நிமிடம் காத்திருந்தால் பெரும்பாலும் அது தணிந்துவிடுகிறது. அடுத்த மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். ஜன்னலோர சீட்டுதான் போட்டிருக்கிறேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு போவேன்.