லயத்துச் சீட்டும் ஏடிஎம் துண்டும்

பதினொரு வருடம் கழித்து, போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில்தான் எங்கள் தேயிலைத் தோட்டம். சிம், ஏடிஎம், சிக்னல் எல்லாம் அங்கே எப்படி என்று லண்டன் நண்பர்கள் கேட்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே சிம் எடுத்துவிட்டேன். ஹட்டன் டவுனில் ஏடிஎம்முக்குக் குறைவில்லை. லயத்து அறைக்குள்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள்தான், சிக்னல் கிடையாது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்து மேட்டுக்கு ஏற வேண்டும்.

என் மனதை அரித்தது வேறு விஷயம். பெரியம்மாவின் அஸ்வெசும என்ற அரசு உதவிப்பண வேலையாக அடையாள அட்டைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க ஒரு கொமியுனிகேஷன் கடைக்குப் போனோம். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் கடைத்தம்பி. அதைத் தேடி அவர் கணினியைத் திறந்தபோது, திரை முழுக்க அடுத்தவர்களின் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள். யாரும் அழிக்கவில்லை. நம் அடையாள அட்டை எண்ணிலேயே பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன. பெண்ணென்றால் நாள் எண்ணோடு 500 கூடும். அதாவது எண் ஒன்று போதும், வயது வெளியே வந்துவிடும்.

"அட்டையைக் கேட்டா குடுக்கத்தானே வேணும் தம்பி" என்றார் பெரியம்மா. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. கடைசிவரை நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு அந்த நிலை தீர 2003 வரை ஆனது. அப்படிப்பட்ட இடத்தில் அட்டை வைத்திருப்பதே பெரிய விஷயம், அதை யாருக்குக் காட்டக் கூடாது என்ற கேள்வி எங்கே எழும்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் வந்தது. லயத்தில் நான் கேட்ட யாருக்கும் அது தெரியவில்லை.

ஆனால் லயத்துக்கென்று ஒரு சட்டம் எப்போதும் உண்டு. பெரியம்மா போடும் சீட்டில் இருபது பேர், மாதம் ஐயாயிரம். மகளுக்குச் சடங்கு, வீட்டில் சாவு என்றால் முறை பார்க்காமல் அவர்களுக்கு முதலில் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதை, யாரிடம், எப்போது சொல்வது என்பது சொல்பவர் கையில் இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு அக்காவிடம் மெதுவாகச் சொன்னால் போதும், காரியம் நடக்கும்.

இப்போது சீட்டுக்கு வாட்ஸ்அப் குரூப். ஏடிஎம்மில் காசை மாற்றிவிட்டு, அது தரும் ரசீதுத் துண்டைப் படமெடுத்துப் போட வேண்டும். துண்டின் அடியில் மீதிக் காசு எவ்வளவு என்று அச்சாகியிருக்கும்! இருபது வீடும் பார்க்கும். பக்கத்து லயத்து மாமியின் மகன் டுபாயில். ஒருமுறை அவர் மீதி தெரிந்த அன்று மாலையே இரண்டு பேர் கைமாற்றுக் கேட்டு வந்துவிட்டார்களாம். இல்லை என்று சொல்ல வழியில்லை. அதிலிருந்து காசு விழுந்ததும் சீட்டுக்காசை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுவதையும் எடுத்து அரிசி வாளிக்குள் வைக்கிறார், பிறகுதான் சீட்டுக்காசு மாற்றுகிறார். மகன் வியர்வை சிந்தி அனுப்பும் காசுக்கு வங்கியில் இருக்க இடமில்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

துண்டின் அடியை மடித்துவிட்டுப் படமெடுங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். மாமி தயங்கினார். "நான் மட்டும் மடிச்சா, என்னமோ மறைக்கிறாள்னு பேசுவாங்கப்பா." அதுவும் உண்மைதான். அப்புறம் சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் பேசினோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லோரும் மடித்துத்தான் போட வேண்டும் என்று குரூப்பில் குரல் பதிவு போட்டார். முதல் துண்டு அவருடையதே, மடித்தபடி வந்தது.

கடைத்தம்பியிடமும் போய்ச் சொன்னேன். பெரியம்மாவின் படத்தை என் கண்முன்னே அழித்தார். மற்றவர்களுடையது அப்படியே இருக்கிறது.