பாடசாலைச் சாப்பாடு: தாய்மார் வீட்டிலா, பாடசாலை அடுப்பிலா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு கொடுக்க இரண்டு வழிகள். ஊர்த் தாய்மார் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவது ஒன்று. பாடசாலை வளவுக்குள்ளேயே சமைப்பது மற்றது.

முதல் வழிக்குக் கட்டடச் செலவு இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் 60 பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு இதுவே பொருத்தம். தலைக்கு 75 கிராம் அரிசி என்றால் 4.5 கிலோ, ஒரே பானை. சிக்கல் காசில்தான். அதிபர் பிள்ளைகளின் வரவைப் பார்த்துப் பற்றுச்சீட்டை உறுதிசெய்து, அது கல்விப் பணிமனைக்குப் போய், பிறகே பணம் வரும். அதுவரை அரிசியும் மரக்கறியும் கடைக் கடனில். பணம் பிந்தினால் தட்டிலிருந்து முதலில் மறைவது முட்டையும் நெத்தலியும், பருப்பும் தண்ணீராகிவிடும். இதற்குச் சமைக்கும் தாயைக் குறை சொல்வது அநியாயம். ஒரு மாதச் செலவை முற்பணமாகக் கொடுக்க வேண்டும்.

400 பிள்ளைகள் என்றால் 30 கிலோ அரிசி. வீட்டு அடுப்புக்கு அது அடங்காது. விடியமுன் வடித்த சோறு இடைவேளை வரை மூடிக் கிடந்தால் நம்மூர் வெக்கையில் பழுதாகும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாற வேண்டும், அல்லது 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். பாடசாலை அடுப்பில் இது சுலபம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் பரிமாறிய சாப்பாட்டின் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் வந்தால் சமையலறை நிலைக்காது. மாரி வெள்ளத்தில் பிள்ளைகளின் வரவு பாதியானாலும் சமையற்காரர் சம்பளம் குறையாது. அதற்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். ஈரம் ஏறாதபடி அரிசி மூட்டைகளை நிலத்தில் வைக்காமல் பலகைத் தட்டில் உயர்த்தி அடுக்குங்கள்.