மரத்துப்போகுதுன்னு மாத்திரை வாங்கினேன், மாத்திரையே மரத்துப்போக வச்சிருச்சு

இன்னைக்குக் காலையிலதான் அந்த விற்பனைத் தளம் என்னை பிளாக் பண்ணியிருக்கு. என் அரை மாசச் சம்பளத்தை முழுங்கிட்டு.

கால் விரல் லேசா மரத்துச்சு, அவ்வளவுதான். வைட்டமின் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல "ஊட்டச்சத்து ஆலோசகர்"னு ஒருத்தர் சாட்ல வந்தார். எடுத்ததும் விக்கல. தூக்கம் எப்படி, நின்னுக்கிட்டே வேலையா, வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கான்னு பொறுமையா கேட்டார். கூடப் பிறந்ததுங்ககூட என்னை இப்படி விசாரிச்சதில்ல. அங்கதான் விழுந்தேன். "அக்கா, இது நரம்புக்கு. பி வைட்டமின் தண்ணியில கரையும், அதிகமானா சிறுநீர்ல போயிடும், பயப்படாதீங்க"ன்னார். ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்கினா தள்ளுபடி. அரை மாசச் சம்பளம், ஒரே தட்டுல போச்சு.

ரெண்டு மாசத்துல பாதம் முழுக்க மரத்துச்சு. கேட்டா, "நரம்பு முழிக்குது அக்கா, நல்ல அறிகுறி. இனிமே ரெண்டு வேளை போடுங்க." போட்டேனே! சட்டைப் பட்டன் மாட்ட விரல் வராம போனப்புறம்தான் டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பி6, அதாவது பைரிடாக்சின், மாத்திரைக்கு 100 மில்லிகிராம். ஒரு நாள் தேவையே 2 மில்லிகிராமைத் தாண்டாதாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல ஒரு நாளைக்குன்னு வச்ச உச்ச வரம்பு 12 மில்லிகிராம். நான் ரெண்டு வேளையா தினம் 200 முழுங்கியிருக்கேன். அளவு மீறி நாள்கணக்கா சாப்பிட்டா பி6-ஏ நரம்பைக் கெடுக்கும். நிறுத்திட்டேன். மரத்துப்போறது சரியாக மாசக்கணக்காகலாம், சிலருக்கு முழுசா போகாதுன்னும் சொல்லிட்டார்.

தளத்துல கேட்டேன். முதல் பதில்: "ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி." அடுத்தது: "சீல் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல." பிரிக்காத மூணு டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பினேன். "தள்ளுபடியில வாங்கினதுக்கு ரீஃபண்ட் கிடையாது." அந்த ஆலோசகர் "தம்பி" இப்போ அங்க வேலையில இல்லையாம். அரை மாசச் சம்பளம்ங்க!

என்ன செய்யணும்னு விரிவா எழுத நினைச்சேன். இப்போதைக்கு இவ்வளவுதான். லேபிள்ல மில்லிகிராமைப் படிங்க. ரெண்டு டப்பாவுல ஒரே வைட்டமின் இருந்தா கூட்டிப் பாருங்க. வைட்டமின் ஏ, டி எல்லாம் உடம்புலயே தங்கும், டி மிஞ்சினா ரத்தத்துல கால்சியம் ஏறும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க வைட்டமின் கே பக்கம் டாக்டரைக் கேக்காம போகாதீங்க. பயோட்டின்ங்கிற பி வைட்டமின் சாப்பிட்டா ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டே தப்பா வரலாம்.

மிச்சத்தை அப்புறம் எழுதுறேன், விரல் மரக்குது.