‘இன்டர்நேஷனல் பேப்பர் போட்டுத் தர்றோம்’ என்று வந்தால், எங்கள் கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஒன்பதாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளை பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை (பேப்பர்) வெளியிட்டுத் தருவதாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய கம்பெனியின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே பேச்சைப் பேசும் கடைகள் நிறைய.

என் மகள் போன வருடம் பிளஸ் ஒன். நாங்கள் குரோம்பேட்டை பக்கம். போர் தண்ணீர் ஏன் தெருவுக்குத் தெரு ருசி மாறுகிறது என்று அவளுக்கு ஒரு கேள்வி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் பதினான்கு வீடுகளில் தண்ணீர் பிடித்து அளந்து நோட்டில் எழுதி வந்தாள். மழைக்கு முன் 1,140 காட்டிய எதிர்வீட்டில் டிசம்பரில் 860. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். அந்த வீட்டு மாமி ஒவ்வொரு வாரமும், “என்னடி, என் தண்ணி பாஸா பெயிலா?” என்பார்.

அதோடு விட்டிருக்கலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் மார்க் மட்டும் போதாதாம், ரிசர்ச் வேண்டுமாம். பன்னிரண்டு வாரம், பிஎச்டி மென்டர், சர்வதேச ஜர்னலில் (ஆய்விதழில்) பேப்பர் ‘கேரண்டி’. 85,000 ரூபாய், இரண்டு தவணை. அந்த ‘கேரண்டி’ என்ற சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். பேப்பரை ஏற்பதா வேண்டாமா என்பதை, மதிப்பாய்வாளர்களின் கருத்தைக் கேட்டு ஜர்னலின் எடிட்டர் முடிவு செய்ய வேண்டும். பணம் வாங்குகிறவன் எப்படி முன்கூட்டியே உறுதி தர முடியும்?

பன்னிரண்டு வகுப்பில் நடந்தது ஏழு. மென்டர் இரண்டு முறை மாறினார். கடைசியாக வந்தவர் எம்டெக் படிக்கிற பையன், கேமராவைத் திறக்கவே இல்லை. “டாபிக் ரொம்ப சிம்பிளா இருக்கு, ஏஐ சேர்த்துக்கலாம்” என்றார். பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை.

திடீரென்று ஒரு நாள் சர்டிபிகேட்டும் பேப்பரும் மெயிலில் வந்தன. கூடவே பதிப்புக் கட்டணம் என்று 6,500-க்கு பில். அனுப்பி நான்கே நாளில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்த மடத்தனம்: பேப்பரைத் திறந்துகூடப் பார்க்காமல் சர்டிபிகேட்டைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பார்வர்ட் செய்துவிட்டேன்.

ராத்திரி அவள்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, இதுல 1,200 சாம்பிள்னு இருக்கு. பிஎச் அளவெல்லாம் போட்டிருக்காங்க. நம்மகிட்ட பிஎச் மீட்டரே இல்லையேப்பா.” பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு. மாமி வீட்டு 860-ஐத் தேடினோம், எங்கேயும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, “அது டேட்டா ஆக்மென்டேஷன் சார், எல்லாரும் பண்றதுதான்” என்றார்கள். இருக்கிற டேட்டாவைச் சிறிது மாற்றிப் பெருக்கும் ஆக்மென்டேஷன் என்று ஒன்று உண்டு, ஆனால் அளக்காத பிஎச்சை அளந்ததாக எழுதுவதற்குப் பெயர் அது இல்லை. கட்டுரையில் முதல் ஆசிரியர் என் மகள். பொய்க்குக் கையெழுத்து அவளுடையது.

அதன் பிறகுதான் ஜர்னலைக் குடைந்தேன். ஐஎஸ்எஸ்என் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டியிருந்தார்கள். அது இதழ்களுக்குக் கொடுக்கும் வெறும் அடையாள எண், தரச்சான்று அல்ல. இம்பாக்ட் ஃபேக்டர் என்றால், ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கிளாரிவேட் என்ற நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுவது. இவர்கள் போட்டிருந்தது ஏதோ பெயர் தெரியாத இடத்தின் எண். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தொகுப்பின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், அதில் இந்த ஜர்னல் இல்லை. 2013-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த போலிக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. நாங்கள் சிக்கியதும் அந்த ரகத்தில்தான்.

பேப்பரை எடுங்கள் என்று ஜர்னலுக்கு எழுதினோம். வாபஸ் கட்டணம் 200 டாலராம்! போடவும் காசு, எடுக்கவும் காசு. கம்பெனியோ, முதல் வகுப்பு முடிந்தால் ரீபண்ட் கிடையாது என்ற விதியைக் காட்டியது. அதற்குள் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லிப் பலனில்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், எங்களிடம் இருக்கிற முக்கிய ஆதாரமே அந்த ‘கேரண்டி’ மெசேஜ்தான்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல், அவள் நோட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது. 1993-லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த மாதிரி ஊர்ப் பிரச்சினை ஆய்வுகளுக்காகவே இருக்கிறது. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது, பதினேழு வயது வரை சேரலாம், தமிழிலேயே எழுதலாம். அவளுடைய வேதியியல் டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு கேட்ட முதல் கேள்வி, “மீட்டரை எப்படி கேலிபரேட் பண்ணினே?” மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதித்துச் சரிசெய்தாய் என்று அர்த்தம். 85,000 வாங்கியவர்கள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

ஞாயிறு அளவெடுப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாள். ஆனால் கூகுளில் அவள் பெயரைப் போட்டால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பது அந்த 1,200 சாம்பிள்தான்.