என்விரான்மென்டல் ஹெல்த் டிகிரி: படிச்சு முடிச்சவ சொல்றேன்

நாலு வருஷம் படிச்சு ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸும் முடிச்சாச்சு, இப்ப சவுத் ஆப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வொர்த்ல, எங்க தெரு மெட்ரிக் (பன்னெண்டாவது) பசங்க எல்லாம் "அக்கா இந்த கோர்ஸ் எடுக்கலாமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரே தடவையா எழுதிடறேன். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல மாட்டேன், டர்பன விட்டு வெளிய போயி படிச்சேன், அவ்ளோதான்.

முதல்ல இது மரம் நடுற படிப்பு இல்லப்பா. பேர பாத்துட்டு காடு, காண்டாமிருகம்னு நெனச்சு வந்தவங்க எங்க பேட்ச்லயே மூணு பேர், ஒருத்தி ரெண்டாவது வருஷமே கெளம்பிட்டா. சாப்பாடு, தண்ணி, குப்பை, எலி, கொசு, கெமிக்கல், பொணம், இதுதான் சிலபஸ். ஆமா பொணமும் தான், எப்படி கொண்டு போறாங்க எங்க புதைக்கிறாங்கன்னு பாக்குறதும் நம்ம வேலை. கும்பகோணத்துல இருக்குற பாட்டிக்கு போன்ல பத்து நிமிஷம் வெளக்குனேன், "அட, சானிட்டரி இன்ஸ்பெக்டர்னு சொல்லு"ன்னு முடிச்சிட்டாங்க.

ப்ராக்டிகல் தான் இந்த கோர்ஸோட உயிர். எங்கப்பா கோயில் மடப்பள்ளில சமையல், வீட்ல முட்டை கூட வராது. எனக்கு இறைச்சி இன்ஸ்பெக்ஷன் போட்டது கரெக்டா புரட்டாசி மாசம்! ஊரே கறிய விட்டுட்டு விரதம் இருக்கு, நான் மட்டும் காலைல 6 மணிக்கு வெள்ளை கம்பூட்ஸ் மாட்டிட்டு அபட்டார்ல, அதாவது மாடு வெட்டுற எடத்துல, நிக்கிறேன். மாட்டோட தாடை சதைய கத்தியால கீறி நாடாப்புழு கட்டி இருக்கான்னு பாக்கணும், இருந்தா ஊறுன ஜவ்வரிசி மாதிரி தெரியும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அப்பா பண்ற ஜவ்வரிசி பாயசத்த நான் தொடல, காரணமும் சொல்லல.

தண்ணி சாம்பிள் எடுக்கப் போன முதல் நாளே சொதப்பிட்டேன். பாட்டில் அடியில ஏதோ வெள்ளையா பொடி ஒட்டிட்டு இருந்துச்சு, அழுக்குன்னு நெனச்சு நல்லா அலசி ஊத்திட்டேன், அது சோடியம் தயோசல்ஃபேட்டாம். குழாய் தண்ணில இருக்குற குளோரினை அது அடக்கலன்னா லேபுக்கு போற வழியிலயே கிருமிய குளோரின் கொன்னுடும், ரிப்போர்ட்ல தண்ணி சுத்தம்னு வரும். சார் திட்டல, புது பாட்டில் எடுத்து கைல குடுத்தாரு, அது இன்னும் அசிங்கமா இருந்துச்சு.

கொறைன்னா, நாப்பது பேருக்கு ஒரே ஒரு சத்த மீட்டர், அதுவும் பாதி நாள் பேட்டரி இல்ல. ப்ராக்டிகல் போற டாக்ஸி காசு நம்ம கைல இருந்து, அத யாரும் சேரும்போது சொல்லல.

இப்ப வேலை. படிச்சா மட்டும் பத்தாது, ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணணும், ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் செஞ்சே ஆகணும். சம்பளம் உண்டு, ஆனா எந்த ஊர்ல வேலைக்கு போடுவாங்கன்னு தெரியாது. அதுக்கப்புறம் தான் நெஜமான காத்திருப்பு. 10,000 பேருக்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கணும்னு இந்த நாட்டு கணக்கு, பல ஊர்ல அந்த அளவுக்கு ஆளே கெடையாது, அதுக்காக முனிசிபாலிட்டி போஸ்ட் தொறக்குறாங்களான்னா அதுவும் இல்ல. 2017, 2018ல போலனிங்கற இறைச்சி சாசேஜ்ல லிஸ்டீரியாங்கற கிருமி வந்து 200 பேருக்கு மேல செத்தாங்க, 2024 அக்டோபர்ல ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சோவெட்டோல பூச்சி மருந்து விஷம் ஏறி ஆறு குழந்தைங்க போச்சு, அப்ப மட்டும் ஸ்பாசா கடைய (தெருவுல இருக்குற சின்ன மளிகைக் கடை) செக் பண்ண ஆள் எங்கன்னு நாடே கத்துச்சு. ஒவ்வொரு தடவையும் இதே கதை தான்.

அதனால முனிசிபாலிட்டிய மட்டும் நம்பாதீங்க. ஹார்பர்ல போர்ட் ஹெல்த் இருக்கு, ஃபேக்டரி, சுரங்கம் பக்கம் வேலை இருக்கு, சூப்பர்மார்க்கெட்டுக்கு ஃபுட் சேஃப்டி ஆடிட் பண்ற கம்பெனிங்க இருக்கு, நானும் இப்ப அதுல தான். பன்னி சௌ (உள்ள தோண்டின பிரெட்ல கறிக்கொழம்பு ஊத்தி தர்றது) கடை கொழம்புல தெர்மாமீட்டர் குத்தி 60 டிகிரி இருக்கான்னு பாக்குறது என் பொழப்பு, 52 காட்டும்போது ஓனர் அங்கிள் மூஞ்சிய பாக்கணுமே.

படிப்புக்கு 5க்கு 4, அதுக்கு அப்புறம் வர்ற காத்திருப்புக்கு 2. மேத்ஸ், ஃபிசிகல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் மூணுலயும் நல்ல மார்க் வேணும். இன்னொன்னு, டிரைவிங் லைசென்ஸ முதல் வருஷமே எடுத்துடுங்க, எனக்கு ரெண்டு இன்டர்வியூ அதுலயே போச்சு.