உணவுக்குழாய் எண்டோஸ்கோப்பி: முதல் இடத்துக்கு இரண்டு ஸ்டார், அடுத்ததற்கு நாலரை

விழுங்கும் கவளம் நெஞ்சுக்கு நடுவே போய் நின்றுகொள்ளும், தண்ணீர் குடித்து நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் இறங்கும். இதற்காக ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு இடங்களில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாக கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்துகொண்டேன்.

பயந்துகொண்டிருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் லிக்னோகெயின் ஸ்ப்ரே அடிப்பார்கள், மகா கசப்பு, கொஞ்ச நேரத்தில் எல்லாம் மரத்துப்போய் எச்சிலை விழுங்கினோமா இல்லையா என்றே தெரியாது, எனக்குப் பிடிக்காத நிமிடம் அது ஒன்றுதான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுத்து, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாயை உள்ளே விடுகிறார்கள். தொண்டையைத் தாண்டும்போது ஓங்கரிக்கும், அப்புறம் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் சரி. மூச்சுக்குழாய் தனி வழி, அடைத்துக்கொள்ளாது. எல்லாம் ஐந்து பத்து நிமிடம்.

முதல் இடத்தில் ஸ்ப்ரே மட்டும்தான், மயக்க ஊசி கிடையாது, அதனால் திரையில் நானே பார்த்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது, பல்லிலிருந்து சுமார் 40 செ.மீ. ஆழத்தில் கோணல்மாணலான ஒரு கோடு, அதற்குக் கீழே சிவப்பு, அதாவது வயிறு ஆரம்பம். அழகாகத்தான் இருந்தது! வரவேற்பில் காத்திருக்க விடவில்லை, நர்ஸ் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார், கால் மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில். அதில் "உணவுக்குழாய்: நார்மல்" என்று ஒரே வரி. பயாப்ஸி, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க உள்தோலில் சிறு துண்டு, எடுக்கவில்லை. அசிடிட்டி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள், மாதக்கணக்கில் விழுங்கியும் சிக்கல் அப்படியே இருந்தது.

இரண்டாவது இடத்தில் குழாயைத் தொடும் முன்பே டாக்டர் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். திட உணவு மட்டும் சிக்குகிறதா, தண்ணீருமா? ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சிக்கினால் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம், அதற்கு மேனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனை வேண்டும், எண்டோஸ்கோப்பியில் மட்டும் பிடிபடாமல் போகலாம் என்றார். அலர்ஜி உண்டா, வீசிங் உண்டா என்றும் கேட்டார். இரண்டும் உண்டு, முதல் இடத்தில் யாரும் கேட்கவில்லை. அப்புறம் சொன்னதுதான் விஷயம்: பார்வைக்கு நார்மலாக இருந்தாலும் கீழேயும் மேலேயுமாக ஆறு துண்டாவது எடுப்பேன்.

எடுத்தார். வலியே இல்லை. (மயக்க ஊசி போட்டிருந்தார்கள், ஆனால் மயக்கம் இல்லாவிட்டாலும் வலிக்காதாம், உள்தோலில் கிள்ளுவது உறைக்காது.) ரிப்போர்ட்டில் படங்கள், அளவுகள், லேசான நீளவாட்டுக் கோடுகள், எங்கிருந்து எத்தனை துண்டு என்ற கணக்கு, எல்லாம் இருந்தது. ஒரு வாரத்தில் பயாப்ஸி முடிவு: மைக்ரோஸ்கோப்பின் ஒரு பார்வைப் புலத்தில் 40 இயோசினோஃபில் அணுக்கள் (அலர்ஜியில் பெருகும் ஒருவகை வெள்ளை அணு). 15 தாண்டினாலே சந்தேகம் வலுக்கும். நோயின் பெயர் இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ், அலர்ஜி சார்ந்த அழற்சி.

முதல் டாக்டரின் கண்ணைக் குறை சொல்லவில்லை, இந்த நோயில் சிலருக்குக் குழாய் நார்மலாகவே தெரியும். ஆனால் விழுங்கச் சிரமம் என்று வந்தவரிடம் துண்டு எடுக்காமல் விட்டதற்குத்தான் மூன்று ஸ்டார் குறைத்தேன். நீங்கள் போனால், படுப்பதற்கு முன்பே "பயாப்ஸி எடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது இடத்தில் அரை ஸ்டார் போனதற்குக் காரணம், மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் வேண்டும் என்பதை நான் தனியாகப் போய் நின்ற பிறகு சொன்னது. சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடியும் துண்டு எடுக்க வேண்டுமாம், அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கூட வரச்சொல்லி தம்பியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.